சிலுவைத்துறையில் இறங்காத பந்து

ஆடி மாதத்து மாலையில், சிலுவைத்துறை மாதா திருவிழாக் கோப்பையின் இறுதி ஆட்டம் கடற்கரை மைதானத்தில் முடியப்போகிற நேரத்தில், எங்கள் அணி ஒரு கோல் முன்னால் இருந்து, ஊரே பட்டாசுத் திரியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தபோது, எதிர்த்து ஆடிய தாழைப்பொழிக்காரர்கள் அடித்த பந்து எங்கள் கோல்வாசலுக்கு ஒரு முழம் முன்னால், நெஞ்சு உயரத்தில், காற்றிலேயே நின்றுவிட்டது. நாங்கள் பார்த்தபோது அது மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல், கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நிற்கிற ஆள் மாதிரி, அவசரமே இல்லாமல் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் கீப்பர் சூசை அதை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தான், தோள் கொடுத்துப் பார்த்தான், கடைசியில் கட்டிப்பிடித்துத் தொங்கியும் பார்த்தான். பந்து அவனையும் சேர்த்துச் சுமந்துகொண்டு சுற்றியதே தவிர, இடத்தை விட்டு அசையவில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த ரெஃப்ரி பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார், சட்டம் தெரிந்தவர். பந்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, விசிலை வாயில் வைத்து, பிறகு எடுத்துவிட்டார்.

“கோட்டத் தாண்டல்ல, அப்பம் கோல் இல்ல. வெளிய போகவும் இல்ல, அப்பம் ஆட்டம் நிக்கவும் இல்ல. அடிச்ச அடி முடியாம நான் எப்படி விசில் ஊதுவேன்?”

“அப்பம் நாங்க என்ன செய்யணும் சாரே?”

“பந்து எறங்கட்டும். நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பாக்குதேன்” என்று சொல்லிவிட்டு, கோப்பையைப் பங்குச்சாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் பஸ் ஏறிப் போனார்.

முதல் சில நாட்கள் பந்தைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள், வந்தவர்களுக்குச் சுக்குக்காப்பியும் வாழைக்காய் பஜ்ஜியும் விற்றுச் சிலர் பிழைத்தார்கள், பந்துக்குக் கீழே யாரோ ஒரு பெண்பிள்ளை மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டுப் போனாள். சாமியார் வந்து அதை ஊதி அணைத்தார். “மாதா எங்க டீமுன்னு ரெண்டு ஊர்க்காரங்களும் என்கிட்ட சொல்லியாச்சு. அதனால இந்தப் பந்து விஷயத்துல மாதாவ இழுக்காதீங்க” என்றார். அதற்குமேல் அதை அற்புதம் என்றும் அவர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பிறகு எல்லாம் பழகிவிட்டது. கோல்வலை காலியாகத்தானே கிடக்கிறது என்று பெண்கள் அதன்மேல் நெத்திலி காயப்போட்டார்கள். பந்தின்மேல் வந்து உட்கார்ந்த காக்கை, பந்து சுற்றச் சுற்றச் சறுக்கி, மறுபடி ஏறி, மறுபடி சறுக்கி, கடைசியில் வெறுத்துப்போய்க் கோயில் கூரைக்கே போய்விட்டது. யாரும் பந்தைத் தள்ளிவிடக் கூடாது என்று தாழைப்பொழியிலிருந்து இரண்டு பேர் காவலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். எதிரி ஊர்க்காரன் என்றாலும் பசித்து உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று வீட்டுக்கு ஒரு வேளையாய்ச் சோறு போனது. கொஞ்ச நாளில் அவர்கள் எங்கள் ஊர் மீன்குழம்பில் புளி தூக்கல் என்று குறை சொல்லுகிற அளவுக்கு உரிமை கொண்டாடிவிட்டார்கள். மழைக்குப் பந்தின்மேல் தார்ப்பாய் கட்டியபோது, அது காற்றைத் தடுக்கிறது, காற்றைத் தடுத்தால் பந்தைத் தடுத்த மாதிரி என்று தாழைப்பொழி வழக்குக்கு வந்தது. பந்தில் காற்று இறங்கத் தொடங்கியபோது அதைவிடப் பெரிய வழக்கு வந்தது. கடைசியில் இரண்டு ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு கை வைத்துப் பம்பு அடித்து, தொங்குகிற பந்துக்குத் தொங்கிய இடத்திலேயே காற்றடைத்தார்கள்.

பழகாமல் இருந்தவர் ஒரே ஒருவர்தான், எங்கள் கோச் மார்சலின் மாஸ்டர். இளவயதில் ரயில்வே அணிக்கு ஸ்டாப்பராக, பின்வரிசை நடுவில் நின்று தடுக்கிறவராக, ஆடியவர். கோல் அடிக்கிறவன் தானாகப் பிறந்து வருவான், தடுக்கிறவனை நாம்தான் செய்து எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் முன்னால் ஆடுகிற பையன்களை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை, அவர்கள் என்னவும் செய்துகொள்ளட்டும். ஆனால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், பின்வரிசைப் பையன்களை மைதானத்தில் அந்தந்த இடத்தில் நிறுத்தி, எந்த அடிக்கு யார் எங்கே நின்றான், ஏன் நின்றான், எந்தக் காலை முதலில் வைத்தான் என்று ஒவ்வொரு அடியாகப் பிரித்து மேய்ந்தால்தான் அவருக்கு ராத்திரி சோறு இறங்கும். ஊர் பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கிற வேளையிலும் அவர் கல்யாண வீட்டில் சாம்பாருக்கு உப்புப் போதாது என்று சொல்லுகிற சம்பந்தி மாதிரி குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

அவருடைய சட்டம் ஒன்றுதான், அது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். “கோட்டுக்குள்ள கால வச்சாச்சுன்னா கடல் இல்ல, கர இல்ல, அம்ம இல்ல, அப்பன் இல்ல. பந்து மட்டுந்தான்.” அந்தச் சட்டத்தில் அவர் எவ்வளவு கறார் என்றால், சொந்த மகன் ததேயுஸ், எங்கள் ஊர் கண்ட நல்ல ஸ்டாப்பர், கல்யாணம் ஆனதும் பந்தை விட்டுவிட்டு வள்ளம் ஏறிக் கடலுக்குப் போன நாளிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. அப்பன் வெளியே வந்தால் மகன் உள்ளே போவான், மகன் வெளியே வந்தால் அப்பன் வானத்தைப் பார்ப்பார்.

ததேயுஸின் இடத்துக்கு வந்தவன்தான் கிளீட்டஸ். நெட்டையான, வாய் திறக்காத பையன். அவனுடைய அப்பன் வள்ளம் கரையேறும்போது, கரையில் நின்றவர்கள் முகம் தெரிகிற தூரத்தில், அலை வள்ளத்தைக் குறுக்கே திருப்பிப்போட்டதில் இறந்துபோனார். அம்மா அமலோற்பவம் அதற்குப் பிறகு மகனை வள்ளத்தைத் தொடவே விடவில்லை. இந்த நேரம் பார்த்து, திருச்சியில் ஒரு பெரிய அலுவலகத்து அணியை நடத்துகிற மாஸ்டரின் பழைய கூட்டாளி, ஸ்டாப்பர் ஒருவன் வேண்டும், வேலையும் போட்டுத் தருகிறோம், நீ ஒரு பெயர் சொன்னால் போதும், பார்க்காமலே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். மாஸ்டர் வாயிலிருந்து கிளீட்டஸ் என்ற பெயர் வந்துவிட்டால் அவனுக்குக் கரையில் சோறு. வராவிட்டால் கடல்தான், வேறு வழி இல்லை.

மாஸ்டரோ, “அந்தக் கடைசி அடிக்குக் கணக்கு வரட்டும், பெறவு சொல்லுதேன்” என்று கூட்டாளியைக் காக்க வைத்துவிட்டார்.

வழக்கமாக ஓர் ஆட்டத்துக்கு ஒரு சாயங்காலம் போதும். இந்த முறை தினமும் சாயங்காலம் பின்வரிசை முழுக்க மைதானத்துக்கு வந்து நின்றது, சாட்சி சொல்ல ஊரும் வந்தது, காவல்காரர்கள் இரண்டு பேரும் தாழைப்பொழி ஆட்டக்காரர்களாக நடித்தார்கள். பந்து அதன் இடத்தில் சுற்றிக்கொண்டிருக்க, மாஸ்டர் அந்தக் கடைசி ஆட்டத்தை அடி அடியாகப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனார்.

தொடக்கம் தாழைப்பொழிக்காரர்கள் வெளியிலிருந்து எறிந்த ஒரு த்ரோ. கடல் பக்கத்துக் கோட்டில், லெஃப்ட் பேக் வறுவேலின் பக்கம்.

“வறுவேலு, நீ எதுக்குலேய் முன்னால ஏறுன?”

“அவன் கால்ல வாங்குவான்னு நெனச்சேன் மாஸ்டர்.”

“நெனச்ச! நீ விட்டுட்டுப் போன எடத்துல ஒரு லாரி திரும்பலாம்லேய். சரி, அந்த எடத்துக்கு யாரு வந்தா?”

“நான் வந்தேன் மாஸ்டர்” என்றான் கிளீட்டஸ்.

“வந்த. அது சரி. அத நான் குத்தம் சொல்ல மாட்டேன். அப்பம் நடு காலி. நீ அங்க போனா நடுவுக்கு யாரு வரணும்? அடுத்த ஸ்டாப்பர் வரணும். வந்தானா? வந்தான், ஆனா கல்யாண ஊர்வலத்துல வார மாதிரி வந்தான். அவன் வந்து சேருததுக்குள்ள பந்து நடுவுக்கு வந்தாச்சு. கிளீட்டசு, நீ அப்பமே திரும்பி நடுவுக்கு ஓடியிருக்கணும். ஓடுனியா?”

இதுவரைக்கும் ஊரில் இரண்டு கருத்து இல்லை. த்ரோ, ஏற்றம், ஓட்டம், நடுவுக்கு வந்த பாஸ், எல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு அடுத்த அடியில்தான் வண்டி குடை சாய்ந்தது. நடுவில் தனியாக நின்ற தாழைப்பொழி ஃபார்வர்டு பந்தை வாங்கி அடித்தான், பந்து தொங்கியது. அந்த நேரத்தில் ஸ்டாப்பர் எங்கே நின்றான்?

எனக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றான் என்றான் சூசை. பந்து அவன் முட்டில் பட்டுத்தான் எழும்பியது என்றான் வறுவேல். மீன் ஏலம் விடுகிறவர் வந்து, தன் இரண்டு கண்ணால் பார்த்ததாகவும் கிளீட்டஸ் மணலில் குப்புறக் கிடந்ததாகவும் சொன்னார். காவல்காரர்களில் ஒருவன் அவன் தலைக்கு மேல் எம்பிக் குதித்தான் என்றான், இன்னொருவன் ஆஃப்சைடு கேட்டுக் கையைத் தூக்கினான் என்றான். ஒவ்வொருவரும் அடித்துச் சொன்னார்கள், சத்தியம் செய்தார்கள், தரையில் கோடு போட்டும் காட்டினார்கள். கோடுகள் ஒன்றோடு ஒன்று சேரவே இல்லை.

கிளீட்டஸ் மட்டும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

“கால் வழுக்கிட்டு மாஸ்டர்.”

“நின்ன எடத்துலயா, ஓடும்போதா?”

“ஓடும்போது.”

“எந்தப் பக்கம் ஓடும்போது?”

அந்தக் கேள்விக்கு மட்டும் அவன் குனிந்து முட்டில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தான். நாளுக்கு நாள் அவன் முகம் வாடிக்கொண்டே வந்தது.

ஒருநாள் அமலோற்பவம் பொறுக்க முடியாமல் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டாள்.

“எம்மவன் எங்க நின்னான், எங்க நின்னான்னு தேடுதியளே மாஸ்டர், அது தெரிஞ்சாத்தான் அவனுக்குச் சோறா?”

“அமலோற்பவம், கொற என்னன்னு தெரியாம நான் ஒருத்தனையும் அனுப்ப மாட்டேன். இன்னைக்கு நான் மறச்சு அனுப்புனா, நாளைக்கு இந்த ஊருப் பய ஒருத்தனையும் அங்க எடுக்க மாட்டான்.”

“எங்க வீட்டுக்காரர அல கொண்டுபோவும்போது நடுவுல நின்னு தடுக்க ஒரு பேக்கும் இல்ல” என்றாள் அவள். “இவன் ஒருத்தனத்தான் நான் கரையில நிறுத்தி வச்சிருக்கேன். இவனையும் விட்டுராதியும்.”

ஆனாலும் மாஸ்டர் மறுநாள் சாயங்காலமும் முதல் த்ரோவிலிருந்தே ஆரம்பித்தார்.

கடைசியில் சாமியார்தான் கேட்டார், “எல்லாரையும் விசாரிக்கிறீங்களே, அடிச்ச பையன விசாரிச்சீங்களா?” எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தடுக்கிறவன் கதையை அடிக்கிறவனிடம் போய்க் கேட்பதாவது! ஆனாலும் வேறு வழி இல்லாமல் ஆள் விட்டோம். அவன் பெயர் சஜின், தாழைப்பொழிக்காரனே இல்லை. மலைப்பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பையன், இறுதி ஆட்டத்துக்கு மட்டும் வெளியூரிலிருந்து அழைத்து வரப்பட்டவன். கடலில் அவனுக்கு அப்பனோ அண்ணனோ மாமனோ கிடையாது, அவன் கடலையே அதுவரை சரியாகப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வந்து இறங்கினான். எதிரி ஊருக்கு ஆடியவனை யார் வீட்டில் உட்கார வைப்பது என்று நாங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ததேயுஸ் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட்டான். பையன் மீனை முள்ளோடு சண்டை பிடித்துச் சாப்பிடுகிற அழகைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “தம்பி, நீ மாஸ்டர்கிட்ட பேசி முடி. நான் போயிட்டு ஒரு நெய்மீன் கொண்டுட்டு வாரேன். எங்க ஊருக்கு வந்துட்டு வெறுங்கையோட மல ஏறப்பிடாது” என்று சொல்லி வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனான்.

சாயங்காலம் மைதானத்தில் இடம் இல்லை. ரெஃப்ரியும் தன் ஞாயிற்றுக்கிழமை முறைக்கு வந்திருந்தார். அவரவர் அவரவர் இடத்தில் நிற்க, மாஸ்டர் சஜினை அவன் அடித்த இடத்தில் நிறுத்தினார்.

“தம்பி, பயப்படாம சொல்லு. நீ அடிக்கும்போது இவன் எங்க நின்னான்?”

“கடலப் பாத்து நின்னாரு” என்றான் சஜின்.

கூட்டம் உஸ்ஸென்றது. கிளீட்டஸ் தலைகுனிந்தான்.

“நின்னதோட இல்ல, ரெண்டு எட்டு கடல் பக்கம் ஓடவும் செஞ்சாரு.”

அமலோற்பவம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். முடிந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

“ஆனா அவரு மட்டும் இல்லல்லா” என்றான் அந்தப் பையன், ஆச்சரியத்தோடு எங்களைப் பார்த்து. “கீப்பரும் கடலத்தான் பாத்தாரு. இந்த லெஃப்ட் பேக் அண்ணனும். எங்க டீமு ஆளுவளும், ரெஃப்ரி சாரும், கோயில் நடையில நின்ன ஃபாதரும், சுத்தி நின்ன இவ்வளவு சனமும். நீங்களுந்தான் மாஸ்டர். நான் அடிக்கும்போது பந்தப் பாத்துட்டு நின்னது நான் ஒருத்தன்தான். யாரும் இல்லாத வீட்டுக்குள்ள நொழஞ்ச மாதிரி இருந்துது எனக்கு. அடிச்ச பெறவுதான், அய்யோ, அடிச்சிருக்கப்பிடாதோன்னு தோணிச்சு.”

அது உண்மை. அன்றைக்கு அந்த நேரத்தில் ததேயுஸின் வள்ளம் கரையேறிக்கொண்டிருந்தது, ஆடி மாதத்து அலை அதைக் குறுக்கே திருப்பியது. எங்கள் கரையில் வள்ளம் அலைக்குள் மாட்டிக்கொண்டால் யாரும் சத்தம் போடமாட்டோம், பிள்ளை பெறுகிற அறைக்கு வெளியே நிற்கிற மாதிரி வாயை மூடிக்கொண்டு பார்ப்போம். தாழைப்பொழிக்காரர்களும் அப்படித்தான், அவர்களுக்கும் கடல் ஒன்றுதானே. அதனால் மைதானத்தில் விழுந்த அந்த அமைதி கோப்பைக்கான படபடப்பு என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். தான் ஒருவன் மட்டுமே பந்தை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்த பாவி என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். வள்ளம் நிமிர்ந்தது, நாங்கள் திரும்பினோம், பந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் எப்படிச் சொல்லுவது, நான் பார்க்கவில்லை என்று?

மாஸ்டர் கிளீட்டஸின் பக்கத்தில் போனார்.

“நீ எதுக்குலேய் ஓடுன?”

“வள்ளம் குறுக்க நின்னுது மாஸ்டர்” என்றான் அவன். “எங்க அப்பாவுக்கும் அப்பிடித்தான் நின்னுதாம்.”

“அது யாரு வள்ளம்னு தெரியுமா ஒனக்கு?”

“தெரியும் மாஸ்டர்.”

மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பி, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, “நானும் பாத்தேன். பந்து என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் எம்மவனத்தான் பாத்தேன்” என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து மகன் என்ற வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாகிறது! எங்களில் பாதிப் பேருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் அடுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் சஜின் எங்கள் தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “அண்ணன் வாராரு” என்றான்.

நெய்மீனுக்குப் போன ததேயுஸின் வள்ளம் அலைக்கு வெளியே, உள்ளே வர நேரம் பார்த்துக்கொண்டு நின்றது. இந்த முறை மலைப்பக்கத்துப் பையன்தான் முதலில் திரும்பியிருந்தான், பிறகு கிளீட்டஸ், பிறகு மாஸ்டர், சூசை, வறுவேல், சாமியார், அமலோற்பவம், ரெஃப்ரி, நெத்திலி அள்ளிக்கொண்டிருந்த பெண்கள், பந்தைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது என்று ஊர்ச் சத்தியம் செய்து வந்திருந்த காவல்காரர்கள் இரண்டு பேர், எல்லோரும் திரும்பினோம். பெரிய அலை ஒன்று எழும்பியது. வள்ளம் அதன்மேல் ஏறி, கொஞ்சம் சாய்ந்து, நேராக நிமிர்ந்து மணலில் வந்து முட்டியது. மாஸ்டர் கான்வாஸ் ஷூவைக் கூடக் கழற்றாமல் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வள்ளத்தின் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எடது பக்கம் தொறந்து கெடக்குதுலேய். அல அங்கனதான் வரும். அத முதல்ல அடைக்கணும்.”

“சரிப்பா” என்றான் ததேயுஸ்.

நாங்கள் திரும்பிப் பார்த்தபோது பந்து வலைக்குள், நெத்திலிகளுக்கு நடுவில், சாதாரணப் பந்தாகக் கிடந்தது.

“யாராவது பாத்தியளா?” என்று கேட்டார் ரெஃப்ரி. காவல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சஜின் உதட்டைப் பிதுக்கினான். “நானும் பாக்கல்ல” என்று ரெஃப்ரியே ஒத்துக்கொண்டு, வலைக்குள் கிடக்கிற பந்து கோல்தான் என்று தீர்ப்புச் சொல்லி, இத்தனை நாள் வைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து விசிலை ஊதினார். ஆளுக்கொரு கோல். கோப்பை ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே. முன்பென்றால் அதற்கே மண்டை உடைந்திருக்கும். அன்றைக்குக் காவல்காரர்கள் ராத்திரிச் சோற்றுக்கு இருந்துவிட்டுத்தான் போனார்கள்.

மாஸ்டர் ஈர வேட்டியோடு கோயில் சுவரில் சாய்ந்து நின்று திருச்சிக்குப் போன் போட்டார். கிளீட்டஸும் அவன் அம்மாவும் எதிரில் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் நின்றோம்.

“கணக்கு வந்தாச்சு” என்றார் மாஸ்டர். “பையன் பேரு கிளீட்டஸ். ஆனா கொற ஒண்ணு இருக்கு, ஒங்கிட்ட மறைக்க மாட்டேன். ஆட்டத்துக்கு நடுவுல கடலப் பாப்பான். ஆமா, பந்த விட்டுட்டுத்தான். சமயத்துல அந்தப் பக்கம் ஓடவும் செய்வான். இல்ல, திருத்த முடியாது, நான் திருத்தவும் மாட்டேன்.”

அந்தப் பக்கத்தில் கூட்டாளி என்னவோ கேட்டுக்கொண்டே போனார். மாஸ்டர் கிளீட்டஸையே பார்த்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

“திருச்சியில கடல் இல்லல்லா?”

பதில் வந்தது.

“அப்பம் அவங்கிட்ட ஒரு கொறையும் இல்ல” என்றார் மாஸ்டர்.